இறக்கத்துக்கான பிரேக்

மிதி என்றான் பூபதி. மிதித்தாள். புடிச்சுக்கோ என்றான். பிடித்துக்கொண்டாள். தரையில் விரித்த சாக்கின் மேல் மல்லாந்து படுத்து, இடது பின்சக்கரம் கழற்றிய இடத்தில் தலையை நுழைத்து, ஸ்பேனரைக் கொஞ்சமாகத் திருப்பினான். உள்ளே சிக்கிய காற்றை வெளியே விடுகிற நிப்பிளில் சொருகியிருந்த குழாயில் பிரேக் ஆயில் தேன் நிறத்தில் இறங்கிப் பாட்டிலுக்குள் போனது. இறுக்கிவிட்டு, உடு என்றான். மேலே, காருக்குள்ளிருந்து, ஆச்சுங்க என்றாள் கோகிலா. காலையிலிருந்து இந்த மூன்று சொல்லும் இந்த ஒரு பதிலும்தான் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போய்வந்துகொண்டிருந்தன. இந்த இரண்டு மாதத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதே இல்லையே என்று நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது வேறு ஒன்றாக மாறுவதற்குள், மிதி என்றான் அவசரமாக. அவள் மிதித்தாள். அவள் பாதம் அமுக்கும் அமுக்கல் அந்த மெல்லிய பைப் வழியாக ஓடி வந்து, ஸ்பேனர் பிடித்த அவன் விரல்களில் மெல்ல முட்டியது. எப்போதும் அப்படித்தான் முட்டும். யார் மிதித்தாலும் முட்டும். ஆனால் இன்றைக்கு அதை அவன் கவனித்துவிட்டான், கவனித்ததை இனி மறக்கவும் முடியாது, அந்தப் பாதத்தை அவன் தொட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, நடுவில் இவ்வளவு ஆயிலும் இரும்பும் இருந்தும் அது அவள் கால்தான் என்று கைக்குத் தெரிந்தது. இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்குதுங்க என்றாள் அவள். பெடல் இறுகவில்லை என்று அர்த்தம். சரி, இன்னொருக்கா என்றான். அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பிரேக் முடிந்ததும் அவள் கிளம்புவதாகப் பேச்சு.

பேச்சு என்றால் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பேச்சு இல்லை. ஓசூர் தாண்டி ஒரு டெஸ்ட் டிராக்கில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை வந்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும், அங்கேயே வீடு பார்த்தாகிவிட்டது, துணிமணியை எல்லாம் அவள் தம்பி டெம்போவில் கொண்டுபோய் இறக்கிவிட்டான், காரில் தான் போய்க்கொள்வதாக அவள் சொல்லியிருந்தாள், பின் பிரேக் வேலை முடிந்ததும். வேலைக்குப் போகிறவள் திரும்பி வருவாள். ஆனால் வேலைக்குப் போகிறவள் கல்யாண ஆல்பத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போவாளா? அவள் வீட்டுப் பக்கத்துப் படங்களை அவள் எடுத்துக்கொண்டாள், அவன் வீட்டுப் பக்கத்துப் படங்களைப் பீரோவிலேயே வைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்திருக்கிற படங்களை என்ன செய்தாள் என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. பூபதிக்குத் தைரியம் இல்லாதது ஊருக்கே தெரிந்த சேதி. அவினாசி ரோட்டை ஒட்டிய இந்தச் சந்தில், தகரக் கூரைப் பட்டறையில், எந்த இன்ஜினையும் பிரித்து மேய்ந்துவிடுவான், எந்த காரையும் ஊரில் எவனும் ஓட்டாத வேகத்தில் ஓட வைத்துவிடுவான், ஆனால் ஓடுவதைப் பார்க்க மாட்டான். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் பந்தயத்தில் ஓட்ட ஆரம்பித்த பிறகும் பார்த்தான், ஏன், ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதித்தான். அப்புறம் அந்த ஒரு திருப்பம் வந்தது.

அந்தத் திருப்பத்தை அவன் நினைக்க வேண்டியதில்லை, அது தானாக வரும். பல் தேய்க்கும்போது வரும், சோற்றில் ரசம் ஊற்றும்போது வரும், இப்போது சாக்கில் படுத்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பும்போதும் வந்தது. அதே கார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்கார்ந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், தயாரித்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம் பிரேக். அந்த டிரம்மில் ஒரு பக்கம் மட்டும் கப்பென்று பிடித்தது. வண்டி வேகமாக ஓடி வந்து, திருப்பத்துக்கு முன்னால் அவள் பிரேக்கை மிதித்த நேரத்தில், பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்தது. சுற்றியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சுற்றும்போது ஒரு தடவை அவள் ஹெல்மெட் அவன் பக்கம் திரும்பியது, மறுபடி போனது, மறுபடி திரும்பியது. டயர் அடுக்கில் போய்ச் செருகி நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று, ஆறே வாரத்தில் கட்டைப் பிரித்துவிட்டாள், அடுத்த பந்தயத்துக்கு எப்போது போகலாம் என்று டாக்டரிடம் அவள் கேட்டபோது டாக்டரே சிரித்தார். அவனுக்குத்தான் கட்டு பிரியவில்லை. அதற்குப் பிறகு அவள் டிராக்குக்குப் போன நாளெல்லாம் அவன் இங்கே பட்டறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையும் ஓடாது காலும் ஓடாது. போன் அடித்தால் நெஞ்சு அடைக்கும், அடிக்காவிட்டால் அதைவிட அடைக்கும். வராத போனை எடுத்து அவனே கூப்பிடுவான், ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பான், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டிருக்கிறவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற புருஷன் உலகத்தில் இவன் ஒருவன்தான் இருப்பான். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் எரிந்து விழுந்தாள். அப்புறம் போனை அணைத்து வைத்தாள். ஒரு நாள் அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் சொன்னது அவனுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"என் பயத்த நான் பாத்துக்குவனுங்க. உங்க பயத்தையும் சேத்து மடில வெச்சுட்டு ஓட்ட முடியறதில்லீங்க."

அவள் சொன்னதில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று அவன் அன்றையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறான். கிடைக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம், கதவைச் சாத்தலாம், ஒரு வாரம் முறைத்துக்கொண்டு அப்புறம் காப்பி கொடுக்கிற சாக்கில் சமாதானமாகலாம். இது சண்டையே இல்லை. அவள் சொன்னாள், தோசையைத் தட்டில் வைத்தாள், அவன் சாப்பிட்டான், நன்றாக முறுகலாக இருந்தது. மிதி என்றான். மிதித்தாள். அவனால் பயப்படாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான், வேறு குற்றம் ஒன்றும் அவன் செய்யவில்லை. பயப்படாதே என்று மனசிடம் சொன்னால் மனசு கேட்கிற ஜாதியா? குடியை விட்டவன் உண்டு, சீட்டை விட்டவன் உண்டு, பயத்தை விட்டவன் யாராவது இருந்தால் போய்க் காலில் விழுந்து கேட்கலாம். விட முடியாத பயத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பிரேக் வேலையை எடுத்தான். டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னாலும் டிஸ்க். இந்த காருக்கு உதிரி கிடைக்காது, ஆகவே வேறு வண்டிகளிடம்தான் கையேந்த வேண்டும். டிஸ்க் ஒரு பெரிய குடும்பக் காருடையது, உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பொறுக்கியது. காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கை, இன்னொரு வண்டியுடையது, அதிலும் சின்ன பிஸ்டன் உள்ளதாகப் பார்த்து எடுத்தான், பின்னால் பிரேக் அதிகமாகிவிட்டால் மறுபடியும் வால் முன்னால் வந்துவிடும். ஒரு வண்டியின் டிஸ்க்கையும் இன்னொரு வண்டியின் காலிப்பரையும் மூன்றாவது வண்டியில் குடித்தனம் வைக்க நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். கனத்த தகட்டில் வரைந்து லேத்துக்குக் கொடுத்தான். வந்ததை மயிரிழை ஆடுகிறது என்று திருப்பி அனுப்பினான். மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினான். லேத்துக்காரர், உங்களுக்கு வேண்டியது பிராக்கெட்டா, நாள் கடத்தறதா பூபதி என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவன் காது சிவந்துவிட்டது.

ஹேண்ட்பிரேக் மட்டும் இன்னும் இல்லை. இந்தக் காலிப்பருக்கு அதற்கான கேபிள் வேறு எந்த வண்டியிலிருந்து வரும் என்று அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை, நிறுத்தினால் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும் என்று நேற்று அவளிடம் சொன்னான், புளியமரக் கட்டையில் ஆப்பு மாதிரி செதுக்கியும் கொடுத்தான். கேபிளை அடுத்து வரும்போது மாட்டித் தருகிறேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. அடுத்து வரும்போது. அவள் கட்டையை வாங்கிச் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சரிங்க என்றாள். அந்தச் சரிங்க எந்தச் சரிங்க என்று இரவெல்லாம் புரட்டிப் பார்த்தான். வருகிறேன் என்கிற சரியா, பேச்சை வளர்க்காதே என்கிற சரியா. வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். புடிச்சுக்கோ என்றான். குழாயில் வந்த ஆயிலில் இப்போது குமிழியே இல்லை. காலையில் வந்தது, பொலபொலவென்று வந்தது, அப்புறம் குறைந்தது, இப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒன்றும் இல்லை, சுத்தமான ஆயில். எப்படி இருக்குது என்று கேட்டான். பஞ்சு மாதிரிதானுங்க என்றாள். குமிழி வரவில்லை என்றால் காற்று இல்லை. காற்று இல்லை என்றால் பெடல் இறுக வேண்டும். இறுகவில்லை என்றால் காற்று இருக்கிறது. இருக்கிற காற்று ஏன் வரவில்லை? அவன் எண்ணம் அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. பைப் மூட்டு கசிகிறதா, இல்லை. வலது பக்கம் காலையிலேயே பார்த்தாயிற்று. அவன் லைட்டை இழுத்துக் காலிப்பரின் மேல் வைத்தான். கையால் தடவினான். நிப்பிள் கீழே இருந்தது.

கீழே இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். காற்று மேலே போகிற சாமான், அதை எடுக்கிற வாய் மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் ஆயுசுக்கும் மிதித்தாலும் ஆயில்தான் வரும், காற்று மேல் மூலையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். காலிப்பர் வந்த அந்த வண்டியில் அது அச்சுக்கு முன்பக்கம் இருந்தது. இந்த வண்டியில் இடம் இல்லாததால் பிராக்கெட் அதைப் பின்பக்கம் பிடிக்கிறது. அப்படிப் பின்பக்கம் போனால் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்ட வேண்டும், அப்போதுதான் நிப்பிள் மேலே வரும். தொழில் தெரிந்தவனுக்கு இது ஒரு விஷயமா? அந்த பிராக்கெட்டை வரைந்தவனே அவன்தான். இடதுக்கு இடது, வலதுக்கு வலது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை செருப்பு மாட்டுவது மாதிரி மாட்டியிருக்கிறான். முதலில் வெட்கமாக இருந்தது. வெட்கம் போனதும், சொல்லக் கூசுகிறது, சந்தோஷம் வந்தது. இரண்டையும் கழற்ற வேண்டும், ஆயில் முழுக்க வடியும், மாற்றி மாட்ட வேண்டும், முதலிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு இங்கேதான். அதற்கப்புறம் வெயில், கொஞ்சம் சாய்ந்துகொள் என்று சொல்லலாம். அந்தச் சந்தோஷத்தின் பின்னாலேயே பயம் வந்தது. இது மறதியா? கை தெரிந்தேதான் செய்ததா? அவன் மனசுக்குத் தெரியாமல் அவன் கை அவளுக்கு முட்டுக்கட்டை போட்டதா? நேற்று மாட்டும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தான்? தொப்பூர் கணவாயை நினைத்துக்கொண்டிருந்தான். சேலத்திலிருந்து தருமபுரி போகிற வழியில் அந்த மலைச்சரிவு, லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற இடம். போகும்போது அது ஏற்றம், பிரேக்குக்கு வேலையே இல்லை. வரும்போதுதான் இறக்கம். வரும்போது பிரேக் நன்றாக இருக்க வேண்டும், வரும்போது, வரும்போது என்று ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கியிருக்கிறான். நினைப்பு அங்கே இருந்தால் கை இங்கே எதை எங்கே மாட்டும்?

சொல்லாமலும் இருக்கலாம். இந்த எண்ணம் வந்ததும் அவன் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டான். பார்ட் சரியில்லை, வேறு வண்டியுடையது தேட வேண்டும், ஒரு வாரமாகும் என்றால் அவள் நம்புவாள், அவன் வேலையை அவள் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. முதன்முதலில் இந்தப் பட்டறைக்கு வந்த அன்றைக்கே அப்படித்தான். யாருடைய வண்டிக்கோ ஏர் எடுக்க மிதிப்பதற்கு ஆள் இல்லாமல் அவன் முழித்துக்கொண்டிருந்தபோது, கார்பரேட்டர் ஒன்றைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தவள், நான் மிதிக்கட்டுங்களா என்று பையை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். யார், எந்த ஊர் என்றுகூட அவனுக்குத் தெரியாது. மிதி என்று ஒருமையில் சொல்வதா, மிதிங்க என்பதா என்று அவன் தடுமாறியதைக் கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்படிப்பட்டவளிடம் பஞ்சு மாதிரிப் பெடலோடு ஒரு பொய். இல்லை, அது முடியாது. அவன் சாக்கிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். அவள் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கால் பெடலிலேயே இருக்க, முன்னால் இருந்த தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா மாட்டிப் போட்டேன் கோகிலா. நிப்பிள் கீழ இருக்குது."

"தெரியுமுங்க."

அவனுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். எப்போதிலிருந்து என்று கேட்டான். காலையில் டீ கொண்டுவந்தபோதே பார்த்ததாகச் சொன்னாள், குரலில் ஒன்றும் இல்லை, கறிவேப்பிலை வாங்கியதைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். காலையிலிருந்து. அப்படியென்றால் காற்று வராது என்று தெரிந்துகொண்டே மிதித்திருக்கிறாள். அவன் மிதி என்றபோதெல்லாம் மிதித்து, புடிச்சுக்கோ என்றபோதெல்லாம் பிடித்துக்கொண்டு, பஞ்சு மாதிரிதானுங்க என்று சொல்லிக்கொண்டு, முறிந்து கூடிய தோளோடு அந்த ஒடுங்கின சீட்டில் இவ்வளவு நேரம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவள் கண்ணாடியைத் துடைப்பது மாதிரிப் புறங்கையால் ஸ்டீயரிங்கைத் துடைத்தாள்.

"சொன்னா மாத்தீருவீங்கல்ல."

பட்டறையில் தகரக் கூரை வெயிலுக்கு டக் டக்கென்று சத்தம் போட்டது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவனுக்குத் தெரிந்தது, எந்த வார்த்தை என்றுதான் தெரியவில்லை. போகாதே என்றால் அவள் இருந்துவிடுவாளோ என்று நினைத்தான். இருந்துவிடுவாள் என்றே தோன்றியது. இருந்தால் அடுத்த பந்தயத்தன்று அவன் மறுபடி போனைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பான், அவள் மறுபடி அதை அணைத்து வைப்பாள், மறுபடி ஒரு தோசை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் ஓட்டுவதையே விட்டுவிடுவாள். ஓட்டாத கோகிலா இந்த வீட்டில் மிக்ஸியைத் துடைத்துக்கொண்டு நிற்பதை அவன் ஒரு கணம் பார்த்தான். அது அந்தத் திருப்பத்தைவிடப் பயமாக இருந்தது. நான் இத மாத்தாம உட்டுட்டேன்னா என்று மெதுவாகக் கேட்டான். நீங்க உட மாட்டீங்க என்றாள் அவள், இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது. உண்மைதான். அவனால் விட முடியாது. காலிப்பரைக் கழற்றிக் கையில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஏர் எடுத்துவிட்டு அப்படியே மாட்டிவிடுகிற அவசரக்காரர்கள் உண்டு, அதைக்கூட அவனால் செய்ய முடியாது, வழியில் மறுபடி காற்றுப் புகுந்தால் அவளுக்கு யார் கழற்றுவார்கள்? அவன் போய் ஸ்பேனரை எடுத்தான்.

இரண்டையும் கழற்றினான், மாற்றினான், செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டான், இறுக்கினான், இறுக்கியதை மறுபடி இறுக்கிப் பார்த்தான். கை நடுங்கவில்லை. வேலை செய்யும்போது அவன் கை என்றைக்கும் நடுங்கியதில்லை, அதுதான் இந்தப் பிழைப்பின் கூத்து. நிப்பிள் மேலே வந்து நின்றது. மிதி என்றான். மிதித்தாள். புடிச்சுக்கோ என்றான். நிப்பிளைத் திறந்ததும் இத்தனை நேரம் ஒளிந்திருந்த காற்று பெரிய பெரிய குமிழியாக வந்தது. உடு. ஆச்சுங்க. நேரமாக ஆகக் குமிழி சிறுத்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பாதம் முன்னைவிட நெருக்கமாக அவன் விரலில் வந்து முட்டியது. காற்று குறையக் குறைய இடையில் இருந்த மெத்தென்ற தூரம் குறைந்தது. அவள் லேசாகக் கால்விரலை அசைத்தாலும் தெரிகிற அளவுக்கு வந்தது. இப்போதுதான் இவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறாள், இன்னும் ஒருமுறை மிதித்தால் வேலை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. மிதி என்றான். குழாயில் குமிழி ஒன்றும் வரவில்லை, ஆயில் மட்டும் வந்தது. கல்லு மாதிரி இருக்குதுங்க என்றாள் மேலிருந்து. இந்தப் பட்டறையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவன் சாக்கில் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான், ஓரத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை, கையெல்லாம் ஆயில், கண்ணில் பட்டால் எரியும்.

சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை, சொன்னால் சாப்பிடுவாள். அவள் இறங்கி அவன் எதிரில் வந்து நின்றாள், அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த சாக்கு நாரை எடுத்துப் போட்டாள், மீண்டும் ஏறினாள். வரட்டுங்களா என்று கேட்டாள். ம் என்றான். கட்டை சீட்டுக்குப் பின்னால இருக்குது, மறந்துறாத என்றான். சரிங்க என்றாள். இந்தத் தடவை அது எந்தச் சரிங்க என்று அவன் தேடவில்லை. சிவப்பு கார் சந்தில் இறங்கி, அவினாசி ரோட்டில் ஏறுகிற மேட்டில் போய் நின்றது. ரோட்டில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. மேட்டில் நிற்கிற வண்டி பின்னால் உருளாமல் இருக்க ஹேண்ட்பிரேக் இல்லை, ஆகவே அவள் கால் பெடலில் இருந்தது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. அவை எரிகிற வரைக்கும் அவள் பாதம் அதன்மேல் இருக்கிறது, பாதத்தின் அமுக்கல் அவன் மாட்டிய பைப் வழியாக அவன் மாட்டிய காலிப்பருக்கு வந்துகொண்டிருக்கிறது. அவன் வலது கை விரல்கள் தானாக மடங்கி, இல்லாத ஸ்பேனரைப் பிடித்தன. லாரிகள் போய் முடிந்து ரோடு காலியானது. விளக்குகள் இன்னும் எரிந்தன. ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை, போகலாம், ஆனால் எரிந்தன. புடிச்சுக்கோ என்றான் பூபதி, அவனுக்கே கேட்காத குரலில். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு விளக்குகள் அணைந்தன, வண்டி ஒரு இழுப்பில் ரோட்டில் ஏறி, சேலம் போகும் திசையில் திரும்பியது. அவன் பட்டறைக்குள் வந்து, சாக்கை மடித்து வைத்து, பாட்டிலில் நிறைந்திருந்த பழைய ஆயிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தொப்பூரில் அவள் போகும் பக்கம் ஏற்றம். அவன் மாட்டிக் கொடுத்தது இறக்கத்துக்கான பிரேக்.